பச்சையைக் கொன்று நீலத்தை வளர்க்கும் தீவு

2018 ஜூலையில் கிராண்ட் கேமன் தீவில் நீல இகுவானா என்ற பெரிய பல்லி ஒன்றைக் காட்டுக்குள் விட்டார்கள். அந்தத் தீவு முட்டையிலிருந்து வளர்த்து விட்ட ஆயிரமாவது இகுவானா அது. அதன் படம் பத்திரிகைகளில் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில், அதே தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் குப்பைக் கிடங்கில் செத்த இகுவானாக்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கத் தொடங்கின. இவை பச்சை இகுவானாக்கள். அரசிடம் பதிவு செய்துகொண்ட வேட்டைக்காரர்கள் கொண்டுவந்தவை. எண்ணிக் கொடுத்தால் ஒன்றுக்குச் சுமார் 5 கேமன் டாலர். 2020 தொடங்கும் நேரத்தில் கணக்கு 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஒரு பல்லியை மடியில் வைத்து வளர்க்கிறார்கள், அதன் உறவுக்காரப் பல்லியைக் குப்பையில் கொட்டுகிறார்கள். இது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும். கேமனிலேயே கேட்டார்கள். ஆனால் தீவுகளில் இகுவானாக்களைக் காப்பாற்றுவது என்றால் உண்மையில் என்ன வேலை என்பதை இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். அதில் குஞ்சு பொரிப்பது சுலபமான பாதி. மனிதர்கள் கப்பலிலும் பெட்டியிலும் கொண்டுவந்து இறக்கிய விலங்குகளைத் திரும்ப அகற்றுவதும், மிச்சமிருக்கும் நிலத்தைக் கட்டடக்காரர்களிடமிருந்து காப்பதும் மறுபாதி. அரசுகள் முதல் பாதிக்கு முன்வரிசையில் நிற்கும். இரண்டாவது பாதி வரும்போது நழுவப் பார்க்கும்.

கேமன் தீவுகள் கியூபாவுக்குத் தெற்கே, கரீபியன் கடலில் இருக்கும் மூன்று சிறு தீவுகள். பிரிட்டனின் ஆட்சிப் பகுதி. வரி குறைவு என்பதால் உலகப் பணக்காரர்களின் வங்கிக் கணக்குகளுக்குப் பேர்போன இடம். அவற்றில் பெரியதான கிராண்ட் கேமனில் மட்டுமே நீல இகுவானா இயற்கையாக வாழ்ந்தது, உலகில் வேறெங்கும் இல்லை. ஒன்றரை மீட்டர் வரை நீளும், 14 கிலோ வரை எடை கூடும். தோற்றத்தில் நம் உடும்பைப் போல மிரட்டினாலும் தின்பது பெரும்பாலும் இலை, பூ, பழம். காலையில் பாறைமேல் கிடக்கும்போது சாம்பல் நிறம். வெயில் ஏறி உடல் சூடானதும், முக்கியமாக இன்னொரு இகுவானா எதிரே வந்ததும், வான்நீலமாக மாறும். கண் சிவப்பு.

1938-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக்குழுவோடு வந்த பெர்னார்ட் லூயிஸ் என்பவர் தேடிப் பிடித்ததால்தான் அறிவியல் உலகுக்கு இது தெரியவந்தது. அப்போதே இது அருகிப்போயிருந்தது. 2002-ல் கணக்கெடுத்தபோது காட்டில் மிஞ்சியவை 10-லிருந்து 25-க்குள் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்ற அளவு.

அந்த நிலையிலிருந்து இனத்தைக் காப்பாற்றியது ஃப்ரெட் பர்ட்டன் தலைமையில் நடந்த மீட்பு வேலை. இரண்டாம் எலிசபெத் ராணி பெயரிலான தாவரவியல் பூங்காவில் கூண்டுகள் கட்டினார்கள். முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை இரண்டு வயது வரை வளர்த்து, பாம்பு விழுங்க முடியாத அளவுக்குப் பெருத்த பிறகே காட்டில் விட்டார்கள். எது எந்த இகுவானா என்று தூரத்திலிருந்து அடையாளம் காண ஒரு யுக்தி: பிடரியில் முள்வரிசை நிற்கும் தோல்மடிப்பில் ஊசியால் கோர்த்த வண்ணக் கண்ணாடி மணிகள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மணி வரிசை மாறினால் ஆள் மாறிவிட்டது என்று அர்த்தம். தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் உண்டு. ஆனால் அதைப் படிக்கக் கையில் பிடிக்க வேண்டும். மணியைப் படிக்கப் பைனாகுலர் போதும்.

2008 மே மாதத்தில் ஓர் இரவு யாரோ பூங்காவுக்குள் புகுந்து, இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த பெரிய இகுவானாக்களைக் கொன்று போட்டார்கள். ஆறு உடல்களுக்குக் குறையாமல் கிடந்தன. அதையும் தாண்டி வேலை நடந்தது. 2012-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீல இகுவானாவை ‘மிக மோசமான அழிவு நிலை’ என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி ‘அழிவாபத்து’ பட்டியலில் சேர்த்தது. பல்லி இனம் ஒன்று இப்படி மீண்டு வருவது அபூர்வம். பாராட்டத்தான் வேண்டும்.

பச்சை இகுவானாவின் கதை வேறு. அது மத்திய, தென் அமெரிக்காவின் பிறவி. செல்லப் பிராணியாகக் கேமனுக்கு வந்தது, தப்பியது, அல்லது வளர்க்க முடியாமல் கைவிடப்பட்டது. நீல இகுவானா ஒரு வருடத்துக்கு அதிகபட்சம் சுமார் 20 முட்டை இடும். பச்சை இகுவானா ஒரே ஈட்டில் 60, 70 முட்டைகள்கூட இடும். 2018-ல் தீவில் 13 லட்சம் பச்சை இகுவானாக்கள் இருப்பதாக மதிப்பீடு. தீவின் மக்கள் தொகை அப்போது ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. தோட்டம், மரம், நீச்சல் குளம், கூரை, மின்கம்பி எல்லாவற்றிலும் அதுதான். லிட்டில் கேமன் தீவில் அங்குள்ள சொந்தப் பாறை இகுவானாவோடு பச்சை இகுவானா கலந்து பிறந்த குஞ்சுகளும் 2016-ல் கிடைத்தன. இரண்டும் வேறு வேறு பேரினங்கள் என்பதால் இது நடக்காது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

இந்த நிலையில் கொல்லாமல் என்ன செய்வது? கருத்தடை, இடமாற்றம் என்று பேசலாம், 13 லட்சத்துக்கு முன்னால் அதெல்லாம் பேச்சோடு நின்றுவிடும். கொல்லும் வேலையில் மகிழ ஒன்றுமில்லை. பச்சை இகுவானா எந்தக் குற்றமும் செய்யவில்லை, டிக்கெட் எடுத்து வரவுமில்லை. ஆனால் அதைக் கொண்டுவந்தவர்கள் பொறுப்பேற்காமல் போனபோது, தீவு அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பத்து லட்சம் உயிர்களைக் கொன்றதுதான் கொடுமை என்று சொல்பவர்கள், பத்து இருபதாக இருந்தபோதே பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இங்கே ஓர் உண்மையான சிக்கல் உண்டு. இகுவானாக்கள் மனிதர் உதவியில்லாமலும் கடல் கடக்கும். 1995 செப்டம்பரில் லூயிஸ், மரிலின் என்ற இரண்டு புயல்கள் கரீபியனில் அடித்தன. அக்டோபர் 4-ம் தேதி அங்குயிலா தீவின் கரையில் வேரோடு பிடுங்கப்பட்ட மரங்களின் பெரிய திட்டு ஒன்று ஒதுங்கியதை மீனவர்கள் பார்த்தார்கள். அதன் மேல் குறைந்தது 15 பச்சை இகுவானாக்கள். குவாதலூப் பக்கமிருந்து மிதந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். தீவுகளுக்கு விலங்குகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதற்குக் கண்கண்ட சாட்சி என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அப்படியானால் இது இயற்கைதானே, விட்டுவிடலாமே? முடியாது. குவாதலூப்பில் பச்சை இகுவானாவைக் கொண்டுவிட்டது மனிதன். புயல் செய்தது கடைசி மைல் வேலை மட்டுமே. அங்குயிலாவின் சொந்த இனமான சிறு அண்டிலீஸ் இகுவானாவை வந்தவை கலப்பினத்தால் கரைத்துக்கொண்டே போயின. கடைசியில் கலப்பில்லாதவற்றைத் தேடிப் பிடித்து, பக்கத்திலிருந்த பிரிக்லி பியர் ஈஸ்ட் என்ற ஆளில்லாத குட்டித் தீவுக்கு மாற்றினார்கள். டொமினிகாவிலிருந்தும் சில வந்து சேர்ந்தன. 2018-ல் அங்கே 23 இருந்தன. இப்போது 300-க்கு மேல். எலியும் இல்லை, பச்சையும் இல்லை என்ற ஒரே காரணம் போதுமானதாக இருந்தது.

ஜமைக்காவின் கதையில் ஒரு கல்கத்தா தொடர்பு இருக்கிறது. 1872-ல் டபிள்யூ. பான்க்ராஃப்ட் எஸ்பியூட் என்ற கரும்புத் தோட்ட முதலாளி தன் வயலில் எலித் தொல்லை தாங்காமல் கல்கத்தாவிலிருந்து 9 கீரிகளைக் கப்பலில் வரவழைத்தார். 4 ஆண், 5 பெண். சில ஆண்டுகள் எலி குறைந்தது. எஸ்பியூட் தன் சாதனையை லண்டன் விலங்கியல் சங்கத்துக்குக் கட்டுரையாகவே எழுதி அனுப்பினார். மற்ற தீவுக்காரர்களும் கீரி கேட்டு வாங்கிப் போனார்கள். ஹவாய்த் தோட்டங்களுக்கும் ஜமைக்கா வழியாகத்தான் கீரி போனது. எலி பெரும்பாலும் இரவில் வெளியே வரும், கீரி பகலில் அலையும். ஆகவே கீரி சுலபமாகக் கிடைத்ததைத் தின்னத் தொடங்கியது: கோழிக்குஞ்சு, தரையில் கூடு கட்டும் பறவை, பாம்பு, பல்லி, இகுவானா முட்டை, இகுவானாக் குஞ்சு.

ஜமைக்கா இகுவானாவை 1940-களில் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜமைக்கா கரையோரம் இருக்கும் கோட் தீவுகளில் கடைசியாகக் கண்டது 1948-ல். பிறகு 1990-ல் எட்வின் டஃபஸ் என்ற காட்டுப்பன்றி வேட்டைக்காரரின் நாய், ஹெல்ஷையர் மலைக்காட்டில் ஒரு பெரிய பல்லியைத் துரத்திப் பிடித்தது. அவர் அதை உயிரோடு கிங்ஸ்டன் நகரின் ஹோப் விலங்குக் காட்சிசாலைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார். அந்த இனம் சாகவில்லை, நாற்பதாண்டுக்கு மேல் ஒளிந்திருந்தது என்று தெரிந்தது.

எங்கே ஒளிந்திருந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ஹெல்ஷையர் சுண்ணாம்புப் பாறைக் காடு. பாறை முழுக்கக் கத்தி முனை. செருப்பு சில மாதம்கூடத் தாங்காது. விவசாயத்துக்கு ஆகாது, வீடு கட்ட முடியாது. கரி சுடுவோர்தான் விளிம்பிலிருந்து வெட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். தலைநகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் நிலம் முரடாக இருந்ததால்தான் உயிர் தப்பியது. அந்தப் பாறைக்காட்டில் பெண் இகுவானாவுக்குப் பெரிய கஷ்டம் மண். முட்டையிட வளை தோண்ட மண் வேண்டும். பாறைகளுக்கிடையே செம்மண் தேங்கிய குழி ஒன்றிரண்டு இடங்களில்தான் கிடைக்கும். அதனால் எல்லாப் பெண்களும் அங்கேயே வந்து கூடும், ஒன்றின் வளையை இன்னொன்று தோண்டும், சண்டை போடும். அந்தக் குழிகளைச் சுற்றி ஆய்வாளர்கள் கூண்டு வைத்துக் கீரி பிடிக்கத் தொடங்கினார்கள். 1997-லிருந்து ஆண்டு முழுக்க அந்த வேலை நடக்கிறது. பொரிக்கும் குஞ்சுகளில் ஒரு பங்கைக் காட்சிசாலைக்கு எடுத்துப்போய், கீரி தொட முடியாத பருமனுக்குச் சில ஆண்டுகள் வளர்த்துத் திரும்ப விடுகிறார்கள். கூண்டு வைப்பதை நிறுத்தினால் அடுத்த பருவத்திலேயே குஞ்சு போய்விடும். ஒன்பது கீரிக்கு ஒரு நாடு இன்னமும் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது 2013-ல் ஜமைக்கா அரசு கோட் தீவுகளில் பெரிய சரக்குத் துறைமுகம் கட்டச் சீன நிறுவனம் ஒன்றோடு பேச்சு நடத்தியது. ஹெல்ஷையர் கரைக்கு எதிரே இருக்கும் அந்தத் தீவுகள், கீரியையும் பூனையையும் அகற்றிவிட்டு இகுவானாக்களைக் குடியேற்றலாம் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த இடம். 1999-லேயே பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்டதும்கூட. அறிவித்த அரசே தரகு பேசியது. உள்ளூர் சூழலியலாளர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2016-ல் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் சுற்றுச்சூழல் காரணம் சொல்லி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். காட்சிசாலையில் குஞ்சு வளர்க்கும் ஒரு திட்டத்துக்குக் கிடைத்த நன்கொடையையும் பாராட்டையும்விட, இந்த ஒரு முடிவு ஜமைக்கா இகுவானாவுக்குப் பெரிய காரியம்.

பூனையைப் பற்றிப் பேசும்போதுதான் எல்லோருக்கும் நாக்கு வறண்டுவிடுகிறது. டர்க்ஸ் அண்ட் கேக்கோஸ் தீவுக்கூட்டத்தில் பைன் கே என்ற சிறு தீவில் 1970-களில் ஹோட்டல் கட்டினார்கள். வேலைக்கு வந்தவர்களோடு பூனையும் நாயும் வந்தன. ஆயிரக்கணக்கில் இருந்த பாறை இகுவானாக்கள் மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறையத் துடைத்தெடுக்கப்பட்டன. அதே தீவுக்கூட்டத்தின் லாங் கேயில் 1999-ல் பூனைகளை ஒழித்த பிறகு, கொண்டுவந்து விடப்பட்ட இகுவானாக்கள் பெருகின. சாட்சி இவ்வளவு தெளிவாக இருந்தும், கேமனில் காட்டில் திரியும் பூனைகளைப் பிடித்து அழிக்க அரசு இறங்கியபோது விலங்கு நல அமைப்பு நீதிமன்றம் போனது. 2018-ல் தடை வந்தது. இகுவானாவைக் கொல்ல வரிசை கட்டிய ஊரில் பூனைக்குத் தடையுத்தரவு. பூனைக்கு வக்கீல் கிடைப்பார், பல்லிக்குக் கிடைப்பதில்லை.

முதலில் நிலத்தைச் சுத்தம் செய்வது, பிறகு இகுவானாவை விடுவது என்று வரிசை மாறாமல் வேலை செய்த இடம் எக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகள். 1835-ல் டார்வின் சான்டியாகோ தீவில் இறங்கியபோது, கூடாரம் அடிக்க வளையில்லாத இடம் தேடி அலைய வேண்டியிருந்ததாக எழுதினார். அவ்வளவு நில இகுவானாக்கள். மனிதர் விட்டுச்சென்ற பன்றிகளும் மற்ற விலங்குகளும் அதன்பின் வேலையைக் காட்டின. 1906-ல் வந்த கலிபோர்னியா அறிவியல் அகாதமிக் குழுவுக்கு உயிரோடு ஒன்றும் கிடைக்கவில்லை. எக்வடார் அரசு முதலில் பன்றியை 2000-ல் ஒழித்தது, பிறகு ஆடுகளை. நிலம் சுத்தமான பிறகு, 2019 ஜனவரியில், பக்கத்து வடக்கு செமூர் தீவிலிருந்து 1,436 இகுவானாக்களைக் கொண்டுவந்து விட்டது. கேமனும் ஜமைக்காவும் செய்வது பாராட்டுக்குரியதுதான். ஆனால் எக்வடார் காட்டிய வரிசையே சரி.

இத்தனை செலவு ஒரு பல்லிக்கா என்ற கேள்விக்குப் பதில் காட்டிலேயே கிடக்கிறது. கரீபியனின் வறண்ட காடுகளில் பெரிய தாவர உண்ணி என்று சொல்ல வேறு விலங்கு அதிகம் இல்லை. இகுவானா பழத்தை விழுங்கி, விதையைப் பல நூறு அடி தள்ளி எச்சத்தோடு போடுகிறது. சில செடிகளின் விதை அதன் வயிற்றில் புகுந்து வந்தபின் சீக்கிரம் முளைக்கிறது. இகுவானா போன காட்டுக்கு விதை சுமக்க ஆள் தேட வேண்டும்.

கேமனில் அடுத்த போராட்டம் நிலத்துக்கானது. நீல இகுவானாக்களை விட்டிருக்கும் சலினா, கொலியர்ஸ் காப்பகங்கள் இரண்டும் தீவின் கிழக்குப் பகுதியில். நெடுஞ்சாலையைக் கிழக்கே நீட்டும் திட்டமும் அதே திசையில்தான் போகிறது. சாலை போனால் மனை பிரியும், மனை பிரிந்தால் வீடு வரும், வீட்டோடு பூனை வரும். விடப்பட்ட ஆயிரம் இகுவானாக்கள் என்ற எண் அப்போது படத்துக்கு மட்டும் உதவும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வரும் பயணிகளின் பெட்டியில் இகுவானாக்கள் பிடிபட்ட செய்தி புதிதல்ல. பச்சை இகுவானா இன்று நம் ஊர்ச் செல்லப்பிராணிச் சந்தையில் சகஜமாகப் புழங்கும் விலங்கு. விற்கும்போது ஓர் உள்ளங்கை அளவு. வளர்ந்தால் வாலோடு ஆளுயரம், ஆயுள் பதினைந்து ஆண்டுக்கு மேல். வாங்கியவர் சலிப்படைந்தால் அது எங்கே போகும் என்று கேமன் காட்டிவிட்டது. சிவப்புக்காது ஆமைகளை இப்படித்தான் கோயில் குளத்திலும் ஏரியிலும் விட்டுக்கொண்டிருக்கிறோம். சென்னையின் தட்பவெப்பம் பச்சை இகுவானாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நம்பக் காரணம் ஏதுமில்லை.

வாங்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் வெளியே விடாதீர்கள். சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இகுவானா போன்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் வெளியான விதிகள் சொல்கின்றன. குட்டி போட்டாலும், முட்டை பொரித்தாலும், கைமாற்றினாலும், செத்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும்.